250 கிராமுக்குக் கீழே

பொங்கலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்து, தாழத் தொங்கும் மட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கீற்றின் அடிப்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு. அந்தச் சுருளுக்குள் முட்டைகளும் இளம்பூச்சிகளும். மேல்பக்கமோ அடுப்புக்கரியைத் தேய்த்துவிட்டது போலக் கறுத்திருக்கும். உச்சி மட்டையில் உட்கார்ந்து சாறு குடிக்கும் பூச்சி கழிக்கிற இனிப்புத் திரவம் கீழ் மட்டையில் சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. வெயிலை வாங்க முடியாத ஓலை இளைக்கிறது, காய்ப்பு குறைகிறது. 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான் இந்தச் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீரை நம்பித் தென்னை வைத்த பல்லடம், பொங்கலூர், உடுமலை விவசாயிகள் அன்றிலிருந்து இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பூச்சி குடியிருக்கும் இடம்தான் பெரிய சிக்கல். அறுபதடி உயரத்தில், அதுவும் ஓலைக்கு அடியில். மரமேறும் ஆட்கள் குறைந்துவிட்ட காலம் இது. தரையிலிருந்து பீய்ச்சினால் உயரம் எட்டாது. மருந்து தெளிக்கும் ட்ரோனை வாடகைக்குப் பிடித்தால், பத்து லிட்டர் தொட்டியைச் சுமந்துகொண்டு அது மேலிருந்து தூவுகிறது. நனைவது ஓலையின் முதுகு, பூச்சி இருப்பது வயிற்றில். போதாக்குறைக்கு, கண்ட மருந்தையும் அடித்தால் வெள்ளை ஈயை உள்ளிருந்து தின்று அழிக்கும் என்கார்சியா என்ற கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவி செத்துப்போகும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூச்சிமருந்தைத் தவிர்க்கச் சொல்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், விசையோடு தண்ணீர் பீய்ச்சுங்கள், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கரைத்துத் தெளியுங்கள், என்கார்சியா உள்ள ஓலைத்துண்டுகளைத் தோப்பில் வையுங்கள் என்பவைதான் அதன் பரிந்துரைகள்.

ஆக, இங்கே தேவைப்படுவது பெரிய இயந்திரம் அல்ல. மட்டைகளுக்கு நடுவே நுழைந்து, ஓலையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்து, எந்த மரத்தில் ஈ அதிகம், எந்த மரத்தில் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று எண்ணிச் சொல்லும் ஒரு குட்டிப் பறவை. யாரும் ரிமோட்டைப் பிடித்து ஓட்டாமல் தானே வழி கண்டுபிடித்துப் போகிற, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று.

அப்படி ஒன்று இன்று பொங்கலூர்க் கடைத்தெருவில் கிடைக்காது. ஆனால் அதன் உறுப்புகள் தனித்தனியாக உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் தயாராகிவிட்டன.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2013லேயே இருபது கிராம் எடையில், தட்டான் போல இறக்கை அடித்துப் பறக்கும் டெல்ஃப்ளை எக்ஸ்ப்ளோரரைக் காட்டியது. நான்கு கிராம் எடையுள்ள இரட்டைக் கேமராவை வைத்துக்கொண்டு, மனிதக் கை படாமல் அது சுவர்களைத் தவிர்த்துப் பறந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வுட் குழுவின் ‘ரோபோபீ’ கட்டுப்பாட்டோடு காற்றில் நின்றது. எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அதற்கு மின்சாரம் மட்டும் மெல்லிய கம்பி வழியாகப் போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) கெவின் சென் குழு உருவாக்கிய ஒரு கிராமுக்கும் குறைவான பூச்சி ரோபோ 1,000 விநாடிகள் தொடர்ந்து பறந்து காட்டியது. கிட்டத்தட்ட 17 நிமிடம். கம்பி அதற்கும் வேண்டியிருந்தது.

பேட்டரிதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. உடம்பு சிறுக்கச் சிறுக்க, காற்றில் நிற்கவே மின்சாரம் கரைந்துபோகிறது. ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படும் 27 கிராம் கிரேஸிஃப்ளை ட்ரோன் ஒரு முறை சார்ஜ் செய்தால் ஏழு நிமிடம் தாங்கும். பத்து லட்சத்துக்கும் குறைவான நரம்பணுக்களை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தேனில் கிலோமீட்டர் கணக்கில் பறந்து, கூட்டுக்குத் திரும்பி வழியும் சொல்லித் தரும் தேனீயின் பக்கத்தில் இவை எதுவும் நிற்க முடியாது.

தென்னந்தோப்புக்கு மிக நெருங்கிய சோதனை சீனாவில் நடந்தது. ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து கையடக்க ட்ரோன்களை அடர்ந்த மூங்கில் காட்டுக்குள் ஒன்றாகப் பறக்கவிட்டார்கள். செயற்கைக்கோள் வழிகாட்டி கிடையாது, தரையிலிருந்து கட்டளையிடும் கணினி கிடையாது. ஒவ்வொன்றும் தன் கண்ணால் பார்த்து, கிளையைத் தவிர்த்து, பக்கத்தில் வருவதோடு மோதாமல் போய்ச் சேர்ந்தது. 2022 மே மாதம் ‘சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது. மூங்கிலுக்குள் நுழைய முடிந்தது தென்னை மட்டைக்குள்ளும் நுழையும்.

எல்லா மாதமும் நுழையுமா என்பதுதான் கொங்குநாட்டுக் கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் கிளம்பும் காற்று ஆவணி வரை ஓயாது. கேத்தனூர், பூளவாடி, உடுமலை என்று கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லும் ஊரில் முப்பது கிராம் இயந்திரம் எங்கே நிற்கும்? நெதர்லாந்துச் சோதனைக்கூடத்தில் வென்றது இங்கே முதல் நாளே பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் கிடக்கலாம். இதைச் சொல்வது இயந்திரத்தை இகழ அல்ல. வெளிநாட்டுச் சோதனையைக் காட்டி இங்கே விற்க வருபவரிடம் விவசாயி கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில்களில் நடந்த இன்னொரு வேலையும் கவனிக்கத் தக்கது. டெல்ஃப்டிலிருந்து கிளைத்த பாட்ஸ் என்ற நிறுவனம், வௌவால் போல அந்துப்பூச்சியைத் துரத்திச் சுழல்விசிறியாலேயே அடித்து வீழ்த்தும் குட்டி ட்ரோன்களைச் செடிகளுக்கு மேல் பறக்கவிட்டது. கேமரா பூச்சியைக் கண்டதும் ட்ரோன் கிளம்பும், மருந்தே வேண்டாம். 2018 முதல் மக்காச்சோளத்தைச் சூறையாடிவரும் படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் இரவில்தான் பறக்கிறது. திறந்த காட்டில் அதைத் துரத்துவது இப்போதைக்கு முடியாத காரியம். பசுமைக்குடிலில் நாற்று வளர்ப்பவர்களுக்கு ஒருநாள் கைகொடுக்கலாம்.

மகரந்தச் சேர்க்கைக்கு ரோபோத் தேனீ என்ற பேச்சு மட்டும் இந்த மண்ணுக்கு ஒட்டவில்லை. 2017இல் ஜப்பானிய ஆய்வாளர் எய்ஜிரோ மியாகோ குதிரை முடியில் பசை தடவி, சிறு ட்ரோனின் வயிற்றில் ஒட்டி, லில்லிப் பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் சேர்த்துக் காட்டினார். அழகான ஆய்வு அது. ஆனால் முருங்கையும் பூசணியும் பூக்கும் நிலத்தில் தேனீயைப் பூச்சிமருந்தால் விரட்டிவிட்டு, அதன் வேலைக்கு இயந்திரத்தை விலைகொடுத்து வாங்குவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. தேனீப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டிய மானியம் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

கோழிப்பண்ணைக்குள்ளும் குட்டி ட்ரோன் வேண்டாம். பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்குப் பேர்போனது. மாநிலம் முழுவதும் பார்க்கும் கொள்முதல் விலை இங்கே நிர்ணயமாகிறது. கோழிக்குத் தலைக்கு மேல் பறக்கும் எதுவும் பருந்துதான். மிரண்டால் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். பண்ணையில் இரவு காவல் இருந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

காற்றடிக்காத, கூரையுள்ள இடத்தில்தான் இந்தக் குட்டி இயந்திரங்களுக்கு உடனடி வேலை. திருப்பூர் பெல்ட்டில் கூரைக்கா பஞ்சம்? நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், தையல், பேக்கிங் என்று ஒரு பனியன் பத்து கூரைகளைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகிறது. நூல் மூட்டையும் துணி ரோலும் அடுக்கிய குடோனில் ஸ்டாக் எடுப்பது இன்றும் ஏணியும் நோட்டும் வைத்து நடக்கும் வேலை. ஐகியா நிறுவனம் 2021 முதல் சூரிச்சைச் சேர்ந்த வெரிட்டியின் ட்ரோன்களைத் தன் கிடங்குகளில் பறக்கவிடுகிறது. கடை மூடிய பிறகு அவை தாமாகக் கிளம்பி, அடுக்குகளைப் படம்பிடித்துக் கணக்கெடுத்துவிட்டுச் சார்ஜ் ஏற்றத் திரும்புகின்றன. ஐரோப்பியக் கிடங்கில் நடப்பது ஐரோப்பாவுக்கு ஆடை அனுப்பும் ஊருக்கு வர அதிக காலம் பிடிக்காது.

உயிர்காக்கும் வேலையும் இருக்கிறது. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் சாயப்பட்டறை ஒன்றின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். இப்படிப்பட்ட சாவு இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் ஃப்ளையபிலிட்டி நிறுவனம், சுவரில் மோதினாலும் உடையாதபடி கூண்டுக்குள் வைத்த ட்ரோன்களைக் கொதிகலனுக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் கழிவுநீர்ப் பாதைகளுக்குள்ளும் அனுப்புகிறது. இப்போது இரண்டு கிலோ அளவில் இருக்கும் அது சில நூறு கிராமுக்கு இறங்கினால், தொட்டிக்குள் மனிதன் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கண்ணும் மூக்கும் உள்ள இயந்திரம் ஒன்று போய்வந்துவிடும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் இறந்தது பறக்கும் ரோபோ இல்லாததால் அல்ல. வாயு அளக்கும் சிறு கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கியிருந்தாலே ஆபத்து தெரிந்திருக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டமும் கயிறும் இருக்கும்போதே இறங்கச் சொன்னவர்கள், ட்ரோன் வந்த பிறகு மட்டும் மாறிவிடுவார்கள் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அந்தச் சாவுகளை நிறுத்த வேண்டியது தொழிற்சாலை ஆய்வாளரின் வருகையும் முதலாளிமீது நிற்கும் வழக்கும்.

இனி மறுபக்கம்.

குடோனில் துணி ரோலை எண்ணும் அதே கேமரா, பக்கத்துக் கட்டடத்தில் ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கும் பெண்ணையும் எண்ணும். எத்தனை முறை எழுந்தாள், தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம், யாரோடு பேசினாள் என்று எல்லாவற்றையும் பார்க்கும். சுவரில் மாட்டிய கேமராவுக்கு ஒரு மூலை உண்டு. அந்த மூலை எதைப் பார்க்கிறது என்று தொழிலாளிக்குத் தெரியும். பறக்கும் கண்ணுக்கு மூலை கிடையாது. பெண்கள் தங்கும் விடுதிகளைக் காம்பவுண்டுக்குள்ளேயே வைத்திருக்கும் மில்கள் இந்தப் பகுதியில் ஏராளம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, மொழி தெரியாத ஊரில் வேலை பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த விடுதியின் ஜன்னல் உயரத்தில், சத்தம்கூடக் கேட்காத ஒன்று நின்று பார்த்தால் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்கள்?

சட்டம் அவர்கள் பக்கம் முழுமையாக நிற்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் வழியில் வந்த 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான காரணங்களுக்காகவும் நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் காக்கவும் தொழிலாளியின் தரவைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. திருட்டைத் தடுக்கத்தான் ட்ரோன் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும், கதவு திறந்துவிடும்.

ட்ரோன் விதிகளும் இங்கே உதவா. 2021 ஆகஸ்டில் வந்த இந்திய ட்ரோன் விதிகள் இயந்திரங்களை எடையால் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, இரண்டு கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது என்று ஏறிப்போகிறது பட்டியல். நானோவை ஓட்ட உரிமம் தேவையில்லை, தரச்சான்றும் தேவையில்லை. தலையில் விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்ற கணக்கில் அது சரிதான். பள்ளிப்பிள்ளை வைத்து விளையாடும் பொம்மைக்கு உரிமம் கேட்பது அபத்தம். ஆனால் அந்த எடைக்குள்ளேயே இன்று நல்ல கேமரா, முகம் அறியும் சிப், தானே முடிவெடுக்கும் மென்பொருள் எல்லாம் அடங்கிவிட்டன. ரிமோட் இல்லாமல் பறப்பதற்கு ‘ஓட்டுநர்’ யார் என்ற கேள்விக்கே எடைப் பட்டியலில் பதில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு மக்கள் கருத்துக்கு வைத்த சிவில் ட்ரோன் வரைவு மசோதாவைச் சுற்றி நடந்த வாதங்களும் பெரும்பாலும் பதிவு, அபராதம், தொழில்துறையின் சிரமம் என்றே சுழன்றன. விடுதி ஜன்னல் அந்த வாதத்துக்குள் வரவில்லை.

போர்க்களத்தில் சிறுமை எப்போதோ ஆயுதமாகிவிட்டது. நார்வேயில் செய்த பதினாறு கிராம் பிளாக் ஹார்னெட்டைப் பிரிட்டிஷ் ராணுவம் ஆப்கானிஸ்தானில் பத்தாண்டுகளுக்கு முன்பே மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்க்கப் பயன்படுத்தியது. 2025 ஜூனில் சீனாவின் தேசியப் பாதுகாப்புத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கொசு அளவு ட்ரோனை அரசுத் தொலைக்காட்சியில் விரல் நுனியில் பிடித்துக் காட்டியது. உள்ளங்கை அளவு ட்ரோன்கள் கூட்டமாக வந்து, முகத்தை அடையாளம் கண்டு ஆளைக் கொல்லும் கற்பனைப் படம் ஒன்றைக் கலிஃபோர்னியப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் 2017இல் ஜெனிவாவில் ஐ.நா. கூட்டத்தின்போது திரையிட்டார்கள். அதில் வரும் ஒவ்வொரு உறுப்பும் இன்று தனித்தனியாக இருக்கிறது என்பதுதான் அச்சம் தரும் செய்தி.

மனிதன் முடிவெடுக்காமல் இயந்திரமே ஆளைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களைப் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் முதல் தீர்மானம் வந்தது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. அடுத்த ஆண்டுத் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் வரிசையில் இந்தியா இல்லை என்பது ஆறுதல். தேச பாதுகாப்புக்குக் கையைக் கட்டிக்கொள்ள முடியாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோனில் வந்து குண்டு விழுந்ததை நாடு மறக்கவில்லை. ஆனால் விலை மலிந்து, யார் வீட்டிலும் செய்யலாம் என்ற நிலைக்கு வந்துவிட்ட ஆயுதத்தால் முதலில் அடிபடுவது கூட்டம் நெருக்கும் நாடுகள்தான். தேரோட்டமும் தேர்தல் கூட்டமும் நடக்கும் நாட்டுக்கு இத்தகைய ஆயுதங்களுக்கான தடை மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. இந்தியா அதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி, வேண்டவே வேண்டாம் என்று கதவைச் சாத்துவதும் தவறு. ஓலைக்கடியில் எட்டிப்பார்க்கும் இயந்திரம் கிடைத்தால் ஒரு தென்னை விவசாயிக்கு மிச்சமாகும் மருந்தும் கூலியும் சின்னத் தொகை அல்ல. அதைச் சோதிக்கச் சரியான இடம் உள்ளூரிலேயே இருக்கிறது. பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகளாக ட்ரோன் செய்துவரும் அண்ணா பல்கலைக்கழகக் குழு, இந்த மூன்றும் சேர்ந்து ஒரு தோப்பில், ஆடிக்காற்றிலும் ஐப்பசி மழையிலும், ஓராண்டு பறக்கவிட்டுப் பார்க்கலாம். மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் தரும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 குழுக்களுக்கு 1,261 கோடி ரூபாய் ஒதுக்கியது. மேலிருந்து மருந்து தூவுவதற்கு அவ்வளவு பணம் இருக்குமானால், மருந்தே தேவையா என்று எண்ணிப் பார்க்கும் கருவிக்கு அதில் ஒரு சிறு பங்கு ஒதுக்குவது முடியாத காரியமல்ல. படித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்களே அதை இயக்கலாம், பழுது பார்க்கலாம், கணக்கும் சொல்லலாம்.

கம்பெனிக்குள் பறப்பதற்கோ வேறொரு கதவு இருக்கிறது. திருப்பூரில் பனியன் தொழிலாளர் சம்பள ஒப்பந்தத்தை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 2021இல் நான்கு ஆண்டுகளுக்குச் செய்த ஒப்பந்தமும் அப்படி வந்ததுதான். டெல்லியில் சட்டம் திருந்தும் வரை காத்திருக்காமல், அடுத்த ஒப்பந்தத்திலேயே சில வரிகள் சேர்க்கலாம். ஷிப்ட் நடக்கும்போது தையல் தளத்தில் எதுவும் பறக்கக் கூடாது. விடுதி, கழிப்பறை, சாப்பாட்டுக்கூடம் பக்கம் எந்த நேரத்திலும் கூடாது. எடுத்த படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்ட வேண்டும். ஸ்டாக் எடுத்தவருக்கு வேலை போனால் அதே கம்பெனியில் வேறு வேலை தர வேண்டும். இயந்திரத்தின் எடை ஒரு கிராமா ஒரு கிலோவா என்பது இந்த வரிகளில் எங்கும் வர வேண்டியதில்லை. அதில் கேமரா இருக்கிறதா, அது யாருக்குப் பதில் சொல்கிறது என்பது மட்டும் வர வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்துக் குடோன் ஒன்றில் முதல் குட்டி ட்ரோன் கிளம்புவதற்கு முன், அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையின் மேசையில் இந்த நான்கு கோரிக்கைகளையும் வையுங்கள்.